படகு ட்ரெயிலரின் சேர்ஜ் பிரேக் பிடிக்காவிட்டால், விடாவிட்டால்: வன்னியில் புதிதாக இழுப்பவர்களுக்கு

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதியிலும், பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாக வரும் ஏ35 வீதியிலும் சொல்லும்படியான ஏற்ற இறக்கம் கிடையாது. மலைநாட்டு வீதியில் இழுப்பவருக்கு ட்ரெயிலர் பிரேக்கின் பழுது முதலாவது இறக்கத்திலேயே தெரிந்துவிடும். வன்னியில் அது மாதக்கணக்கில் தெரியாமலே கிடக்கும். இரவில் வீதியில் படுத்திருக்கும் மாடுகள் முன்விளக்கின் வெளிச்சத்தில் திடீரெனத் தட்டுப்பட்டு, பிரேக்கை ஓங்கி மிதித்த பிறகும் பின்னாலிருக்கும் படகு வாகனத்தைத் தள்ளிக்கொண்டு போகும்போதுதான் பலருக்கு அது தெரியவருகிறது. உள்ளூரில் ஒட்டி எடுத்த ட்ரெயிலர்கள் பலவற்றுக்குப் பிரேக்கே இல்லை என்பதால், வெளிநாட்டுத் தயாரிப்பான ட்ரெயிலர் ஒன்று கைமாறி வரும்போது அதன் பிரேக்கை எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தரவும் ஆள் குறைவு. அப்படியொன்றைப் புதிதாக வாங்கியவர்களுக்காகவே இது எழுதப்படுகிறது.

சேர்ஜ் பிரேக்குக்கு மின்சாரமோ வாகனத்தின் பிரேக்கோடு குழாய்த் தொடர்போ தேவையில்லை. இழுக்கும் வாகனம் வேகம் குறைக்கும்போது பின்னால் வரும் ட்ரெயிலர் தன் வேகத்தால் முன்னே தள்ளுகிறது. ட்ரெயிலரின் முன்நுனியில் உள்ள கொழுவும் தலை இரண்டு பகுதிகளால் ஆனது. உட்பகுதி வெளிப்பகுதிக்குள் சறுக்கி ஓடக்கூடியது. அந்தத் தள்ளு அதை உள்ளே சறுக்கவைத்து, அங்கேயே இருக்கும் மாஸ்டர் சிலிண்டரின் கம்பியை அமத்துகிறது. அமத்தப்பட்ட பிரேக் ஒயில் குழாய் வழியே சில்லுகளுக்குப் போய் ட்ரம்மிலோ டிஸ்க்கிலோ பிடிக்கிறது. வாகனம் மீண்டும் முன்னே இழுத்ததும் சறுக்கும் பகுதி வெளியே வந்து பிரேக் விடுபடுகிறது. ஆகவே சறுக்கும் தலை, ஒயில், சில்லு ஆகிய மூன்று இடங்களில் ஒன்றில்தான் பழுது இருக்கும். பெரும்பாலானோர் சில்லைக் கழற்றிப் பார்ப்பதிலிருந்து தொடங்குகிறார்கள். உப்புக்காற்றுப் படும் இடத்தில் மாதக்கணக்கில் நின்ற ட்ரெயிலரில் முதலில் இறுகுவது அநேகமாக முன்தலைதான் என்பதால், முன்னிருந்து பின்னோக்கிப் பார்ப்பதே புத்தி.

ஒன்றை முன்கூட்டியே கவனித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியத் தயாரிப்புகளில் இதே தள்ளு, ஒயிலுக்குப் பதிலாகக் கம்பியாலும் கேபிளாலும் சில்லுக்குக் கடத்தப்படுவதுண்டு. அவற்றில் கைப்பிரேக் ஒன்றும் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் மொத்த நிறை 750 கிலோவைத் தாண்டும் ட்ரெயிலருக்குப் பிரேக் கட்டாயம். 3,500 கிலோ வரை இந்தத் தள்ளுமுறைப் பிரேக் அனுமதிக்கப்படுகிறது. உங்கள் ட்ரெயிலரின் முன்தலையில் ஒயில் ஊற்றும் மூடி இருந்தால் அது ஒயில் வகை. இக்கட்டுரை அந்த வகையைப் பற்றியது.

வேலை தொடங்கும் முன்

படகை இறக்கிவிட்டு வேலை செய்வதே நல்லது. இறக்க முடியாவிட்டால் வெளி இணைப்பு இயந்திரத்தையாவது கழற்றிவிடுங்கள். இரண்டு சில்லுகளுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கரையோரத்து மணலில் ஜக் தானாகப் புதையும். அடியில் தடித்த பலகையோ பிளந்த பனங்குற்றியோ போடாமல் ஜக் வைக்கக் கூடாது. ஜக்கின் மேல் நிற்கும் ட்ரெயிலருக்குக் கீழே கையையோ தலையையோ விடாதீர்கள்; உயர்த்திய பிறகு அச்சுக்கு அடியில் தாங்குகால் கொடுத்த பின்பே வேலை. பழைய பிரேக் ஷூவின் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதக் கூடாது, அதில் கல்நார் கலந்திருக்கலாம். ஈரச் சீலையால் துடைத்து எடுங்கள்.

அமெரிக்கத் தயாரிப்பென்றால் நட்டுகள் அங்குல அளவில் இருக்கும். மில்லிமீற்றர் ஸ்பனரைக் கொண்டு சமாளிக்கப் போனால் எயார் எடுக்கும் நிப்பிளின் (குழாய்க்குள் அகப்பட்ட காற்றை வெளியே விடச் சில்லில் இருக்கும் சிறு திருகுவாயின்) மூலைகள் மழுங்கிவிடும், பிறகு அதைக் கழற்றுவதற்கே ஒரு நாள் போய்விடும். இரவல் வாங்கியாவது சரியான அளவில் றிங் ஸ்பனர் ஒன்று வைத்திருங்கள்.

முதற் சோதனை

இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்த உதிரிப்பாகமும் வாங்க வேண்டாம். இதற்கு இரண்டு பேர் தேவை. ட்ரெயிலரை வாகனத்திலிருந்து கழற்றி, ஒரு சில்லை மட்டும் நிலத்திலிருந்து உயர்த்துங்கள். முன்தலையில், ட்ரெயிலர் ஓடும்போது கழன்றுபோனால் பிரேக்கைப் பிடிக்கவைப்பதற்கென்று ஒரு நெம்புகோலும் அதில் கட்டிய மெல்லிய கேபிளும் இருக்கும். ஒருவர் சில்லை முன்னோக்கிச் சுழற்றிவிட, மற்றவர் அந்த நெம்புகோலை மெதுவாக இழுக்க வேண்டும். சில்லு நிற்கிறதா, நெம்புகோலை விட்டதும் (தானாகத் திரும்பாத வகையென்றால் அதன் பூட்டுத்தட்டைத் திருப்புளியால் விடுவித்ததும்) மறுபடி தாராளமாகச் சுழல்கிறதா என்ற இரண்டையும் பாருங்கள். பிறகு மற்றச் சில்லிலும் அதேபோலச் செய்யுங்கள்.

ஒரு சில்லும் நிற்கவில்லையென்றால் பழுது முன்னே, அதாவது ஒயிலில், மாஸ்டர் சிலிண்டரில் அல்லது பிரதான குழாயில். ஒன்று நின்று மற்றது நிற்கவில்லையென்றால் நிற்காத சில்லின் பக்கம் பாருங்கள். எல்லாச் சில்லும் நின்ற பிறகு விடமாட்டேன் என்றால் மறுபடியும் முன்னேதான். ஒரு சில்லு மட்டும் விடாவிட்டால் அந்தச் சில்லையோ அதற்குப் போகும் றப்பர்க் குழாயையோ சந்தேகிக்க வேண்டும். இரண்டு சில்லும் நன்றாக நின்று நன்றாக விட்டும் வீதியில் பிரேக் இல்லையென்றால், சறுக்கும் பகுதி சறுக்கவில்லை என்று அர்த்தம். நெம்புகோல் மாஸ்டர் சிலிண்டரை நேரே அமத்துவதால் சறுக்குதலின் பழுதை அது காட்டாது.

முன்தலை

சறுக்கும் பகுதி இறுகியிருந்தால் அதன் ஓரங்களில் கறள் பொருமியிருப்பது கண்ணுக்கே தெரியும். வாகனத்தில் கொழுவி, ட்ரெயிலர்ச் சில்லுகளுக்குப் பின்னால் கட்டை வைத்து, மிக மெதுவாகப் பின்னோக்கித் தள்ளினால் உட்பகுதி உள்ளே போக வேண்டும். முன்னே எடுத்தால் வெளியே வர வேண்டும். வாகனத்துக்கும் ட்ரெயிலருக்கும் இடையில் யாரும் நிற்கக் கூடாது, பக்கவாட்டில் நின்று பாருங்கள். அது அசையாவிட்டால் கறள் இளக்கும் எண்ணெய் விட்டு ஓரிரவு விடுங்கள். சம்மட்டியால் அடித்து இளக்குகிறவர்கள் உண்டு. அந்த அடி பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டரின் கம்பியில்தான் போய் முடியும். இளகிய பிறகு கழற்றி, உள்ளே இருக்கும் உருளைகளையோ தேய்மானப் புஷ்களையோ பார்த்து, கம்பித் தூரிகையால் துலக்கி, தண்ணீருக்குக் கரையாத கடல்வகைக் கிறீஸ் பூசிப் பூட்டுங்கள்.

கறள் இல்லாமலும் சறுக்குதல் இறுகுவதுண்டு. ட்ரெயிலர் வாகனத்தோடு மட்டமாக நிற்க வேண்டும். மூக்கு மேலே தூக்கி நின்றாலோ கீழே குத்தி நின்றாலோ சறுக்கும் பகுதி ஒரு பக்கமாக நெரிந்து ஓட மறுக்கும். உயரமான பிக்கப்பில் உயரம் குறைந்த ட்ரெயிலரைக் கொழுவுபவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை; வாகனத்திலுள்ள கொழுவும் குண்டைத் தாழ்த்தும் இரும்பு ஒன்று போட்டால் தீரும் சிக்கல் இது.

புறப்படும்போதும் நிறுத்தும்போதும் ‘டக்’ என்று இடிக்கும் சத்தம் கேட்டால், உள்ளே இருக்கும் அதிர்வுதாங்கி செத்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் குண்டின் அளவைப் பாருங்கள். ஐரோப்பியக் குண்டு 50 மில்லிமீற்றர், அமெரிக்க 2 அங்குலக் குண்டு 50.8 மில்லிமீற்றர். வித்தியாசம் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவென்றாலும், 2 அங்குலத் தலையைத் தேய்ந்த 50 மில்லிமீற்றர்க் குண்டில் கொழுவினால் ஆட்டமும் இடியும் வரும். குண்டு சரியாக இருந்தும் இடிக்கிறதென்றால் அதிர்வுதாங்கியை மாற்றத்தான் வேண்டும்.

எல்லாச் சில்லும் பிடித்தபடியே இருந்தால், கழன்றாற் பிடிக்கும் அந்த அவசரக் கேபிளை முதலில் பாருங்கள். கூர்மையாகத் திரும்பும்போது கேபிள் கொளுவுப்பட்டு நெம்புகோலை இழுத்துவிட்டிருக்கும். பல தயாரிப்புகளில் அது ஒரு பூட்டுத்தட்டில் மாட்டிக்கொண்டு தானாகத் திரும்பாது, திருப்புளியால் தட்டை நெம்பி விடுவிக்க வேண்டும். பிரேக் முழுவதையும் கழற்றிக் கராஜில் போட்டுவிட்டு, ஈற்றில் இந்தத் தட்டைக் கண்டுபிடித்த கதைகள் இருக்கின்றன. கேபிளை வாகனத்தின் சட்டத்தில், திரும்புவதற்குத் தேவையான தளர்வோடு கட்டுங்கள்; பாதுகாப்புச் சங்கிலியை விடக் கேபிள் நீளமாக இருக்க வேண்டும்.

ஒயிலும் எயாரும்

மூடியைத் திறந்து ஒயிலைப் பாருங்கள். புதிய ஒயில் வெளிறிய தேன் நிறமாக இருக்கும். கறுத்திருந்தால் பழையது, பால்போலக் கலங்கியிருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டொட் 3 வகை ஒயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ், ஈரம் ஏறிய நிலையில் 140. டொட் 4 வகைக்கு அவை முறையே 230, 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவி உண்டாகும், ஆவி அமத்துப்படும், சில்லில் பிடி இராது. பாதி பாவித்து மாதக்கணக்கில் மூடிவைத்த போத்தலில் மிஞ்சியிருப்பதை ஊற்றாதீர்கள். இயந்திர ஒயிலோ ஹைட்ரோலிக் ஒயிலோ அவசரத்துக்குக்கூட ஊற்றக் கூடாது. அவை பிரேக்கின் றப்பர்களை ஊதவைத்து, பிறகு மாஸ்டர் சிலிண்டர் முதல் சில்லு வரை எல்லா றப்பரையும் மாற்றவேண்டிய நிலைக்குக் கொண்டுபோய்விடும். மறுபுறம் பிரேக் ஒயில் பெயின்றைத் தின்னும்; படகிலோ ட்ரெயிலரிலோ சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

எயார் எடுப்பதற்கு மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தூரத்தில் உள்ள சில்லிலிருந்து தொடங்க வேண்டும். நிப்பிளில் ஒளிபுகும் சிறு குழாயைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் ஒயில் உள்ள போத்தலுக்குள் அமிழ்த்துங்கள். முன்னே இருப்பவர் நெம்புகோலை அமத்துவார். சில தலைகளின் அடியில் இதற்கென்றே ஒரு துளை இருக்கும், அதில் திருப்புளியை விட்டுக் கம்பியைத் தள்ளலாம். “அமத்துங்கோ அண்ணை, விடாதேங்கோ” என்று பின்னால் இருப்பவர் சொல்லி நிப்பிளைக் கால் சுற்றுத் திறப்பார். குமிழிகளோடு ஒயில் வரும். நிப்பிளை மூடிய பிறகே “இனி விடுங்கோ” என்று சொல்ல வேண்டும். இந்த ஒழுங்கு மாறினால் வெளியே போன எயார் திரும்ப உள்ளே வரும். குமிழி இல்லாமல் தெளிந்த ஒயில் வரும் வரை செய்யுங்கள். இடையிடையே மேலே உள்ள தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். தொட்டி வற்றினால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவீர்கள். போத்தலில் சேர்ந்த ஒயிலை மறுபடி ஊற்றக் கூடாது.

எத்தனை முறை எடுத்தும் எயார் தீரவில்லையென்றால், டிஸ்க் வகையில், நிப்பிள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். முன்பு திருத்தியவர் இடது கலிப்பரை (டிஸ்க்கை இரு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும் பகுதியை) வலது பக்கம் மாற்றிப் பூட்டியிருந்தால் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும். எயார் மேலேயே தங்கும், ஒயில் மட்டும் கீழே வரும்.

குழாயில் ஒயில் கசிகிறதென்றால் அந்தத் துண்டை மாற்றுங்கள், ஒட்டவோ பூசவோ வேண்டாம். குளிர்சாதனப் பெட்டிக்குப் பாவிக்கும் செப்புக் குழாயைப் பிரேக்குக்குப் போட்டுத்தரும் கடைகள் உண்டு. வெறும் செம்பு அதிர்வில் கடினமாகி வெடித்துவிடும். செம்பும் நிக்கலும் கலந்த பிரேக் குழாயையே கேட்டு வாங்குங்கள், உப்புக்கும் அது தாங்கும்.

சில்லு

ட்ரம் வகையில் ஷூவுக்கும் ட்ரம்முக்கும் இடைவெளி கூடியிருந்தால், முன்தலை ஓட வேண்டிய தூரம் முழுவதையும் ஓடித் தீர்த்த பிறகும் பிடி வராது. பின்தட்டில் உள்ள துளை வழியாகத் திருப்புளியை விட்டு, உள்ளேயிருக்கும் பற்சில்லைத் திருப்புங்கள். சில்லு கையால் சுழலாத அளவுக்கு இறுக்கிவிட்டு, பிறகு பத்துப் பல் அளவில் தளர்த்தினால் இலேசான உரசலோடு சுழலும். அதுவே சரியான நிலை. இதைச் செய்யும்போது சில்லை முன்னோக்கியே சுழற்றுங்கள். பின்னோக்கிப் போகும்போது தானாக விடும்படி செய்த ட்ரம்களில், எதிர்த்திசையில் சுழற்றினால் அளவு பிழைத்துவிடும்.

ஒரு சில்லு மட்டும் விடாமல் பிடித்திருந்தால், கழற்றும் முன் அந்தச் சில்லின் நிப்பிளைக் கொஞ்சம் திறவுங்கள். ஒயில் பீறிட்டு வந்து சில்லு விடுபட்டால், அழுத்தம் உள்ளே அடைபட்டிருக்கிறது. றப்பர்க் குழாயின் உட்சுவர் சிதைந்து, போகும் ஒயிலை விட்டு, திரும்பும் ஒயிலைத் தடுக்கிறது என்பதே அநேகமாகக் காரணம். வெளியே பார்த்தால் குழாய் புதிதுபோல இருக்கும். அதை மாற்றுங்கள். நிப்பிளைத் திறந்தும் சில்லு விடவில்லையென்றால் சில்லிலுள்ள சிலிண்டரோ கலிப்பரோ கறளில் இறுகிவிட்டது. சிலிண்டரின் உட்சுவரில் குழி விழுந்திருந்தால் றப்பர் மட்டும் மாற்றுவது காசைக் கடலில் போடுவது. முழுச் சிலிண்டரையும் மாற்றுங்கள். வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ கடைக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள், உள்விட்டம் பார்த்து ஒத்ததை எடுக்கலாம்.

ட்ரம்மாக வந்த ட்ரெயிலரை முன்னைய உரிமையாளர் டிஸ்க்காக மாற்றியிருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. ட்ரம் வகை மாஸ்டர் சிலிண்டரில், குழாயில் சிறிதளவு அழுத்தம் எப்போதும் மிஞ்சியிருக்கும்படி ஒரு வால்வு வைத்திருப்பார்கள். டிஸ்க்குக்கு அந்த மிச்ச அழுத்தமே பிரேக் பாட் உரசப் போதும். எல்லாம் புதிதாக மாற்றியும் ஹப் (சில்லின் நடுக்குடம்) சுடுகிறதென்றால் அந்த வால்வைத்தான் தேட வேண்டும். டிஸ்க்குக்கு ட்ரம்மை விடக் கூடிய அழுத்தமும் தேவை என்பதால், அதற்குரிய மாஸ்டர் சிலிண்டரைப் போடுவதே முறை.

றிவேர்ஸ்

பின்னோக்கித் தள்ளுவதும் இந்தப் பிரேக்குக்கு ஒரு தள்ளுத்தான். டிஸ்க் வகையில், படகை இறக்கக் கரைமணலில் பின்னே எடுக்கும்போது மணலின் தடையே பிரேக்கைப் பிடிக்கவைத்துச் சில்லுகளைப் பூட்டிவிடும். இதைத் தடுக்க மின்வால்வு ஒன்று இருக்கும். வாகனத்தின் றிவேர்ஸ் விளக்கு எரியும்போது மின்சாரம் அதற்குப் போய் ஒயில் போகும் வழியை அடைக்கும். அதற்கென்று ஐந்தாவது வயர் ஒன்று தேவை, அமெரிக்கத் தயாரிப்பில் அது பெரும்பாலும் நீலம். நம் வாகனங்களின் நான்கு வயர் இணைப்பில் அதற்கு இடமில்லாததால், யாரோ அதை வேறெங்காவது கொடுத்திருப்பார்கள். பின்விளக்கு வயரோடு சேர்த்திருந்தால் பகலில் பிரேக் நன்றாகப் பிடிக்கும், இரவில் விளக்கைப் போட்டதும் பிரேக் இல்லாமற் போய்விடும். “இரவில் மட்டும் தள்ளுது” என்று யாராவது சொன்னால் சிரிக்காமல் அந்த வயரைப் பாருங்கள். மின்வால்வுக்குப் பதிலாகக் கையால் செருகும் ஆணி உள்ள தலைகளில், படகை இறக்கிய பின் ஆணியை எடுத்துவிட்டுப் புறப்பட வேண்டும். அதற்குச் சாரதியின் சாவிக்கொத்தோடு ஆணியைக் கட்டிவைப்பது நல்ல பழக்கம்.

வீதியில் பார்த்தல்

வேலை முடிந்ததும் ஆள்நடமாட்டம் குறைந்த நேரான வீதியில், 30 கிலோமீற்றர் வேகத்தில் சில தடவை நிறுத்திப் பாருங்கள். நிறுத்தும்போது ட்ரெயிலர் பின்னாலிருந்து பிடித்து நிற்பது உணரப்பட வேண்டும். தள்ளவோ ஒரு பக்கம் இழுக்கவோ கூடாது. பிறகு பத்துக் கிலோமீற்றரளவு பிரேக்கை அதிகம் பாவிக்காமல் ஓடி நிறுத்தி, புறங்கையை ஹப்புக்கு அருகே கொண்டுபோய்ப் பாருங்கள், உடனே தொட வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே அளவு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பிரேக் உரசுகிறது, அல்லது பெயாரிங் போகிறது.

வழியில் ஒரு சில்லு பிடித்துக்கொண்டு புகைந்தால் ஓரமாக நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, அவசர நெம்புகோல் விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். தேவையானால் அந்த நிப்பிளைத் திறந்து அழுத்தத்தை விட்டு மூடி, தாழ்ந்த கியரில் அருகிலுள்ள ஊர் வரை மட்டும் மெதுவாகப் போகலாம். அந்தப் பிரேக்கை இனி நம்பக் கூடாது என்பதால் முன்வாகனத்திலிருந்து வழமையை விட இடைவெளி விடுங்கள். வட்டுவாகல் போன்ற ஒடுங்கிய பாலத்துக்குள் எதிரே வாகனம் வரும்போது இறங்காதீர்கள்.

பிரேக்கே வேண்டாம், கழற்றிவிடுங்கள் என்று ஆலோசனை சொல்வோரை நீங்கள் நிச்சயம் சந்திப்பீர்கள். சிறு வள்ளத்தை லான்ட் மாஸ்டரில் கரையிலிருந்து வாடிக்கு இழுப்பவருக்கு அது பொருந்தலாம். இயந்திரத்தோடு கண்ணாடியிழைப் படகை ஏற்றி ஏ9 வீதியில் ஓடுபவருக்குப் பொருந்தாது.

கடலில் இறக்கிய பிறகு

ஓடிவந்த சூட்டோடு ஹப்பைக் கடல்நீரில் இறக்காதீர்கள். சூடான ஹப் திடீரெனக் குளிரும்போது உள்ளேயிருக்கும் காற்று சுருங்கி, சீலின் வழியே உப்புத்தண்ணீரை உறிஞ்சிவிடும். இறக்குமுன் கொஞ்ச நேரம் நிறுத்திவையுங்கள். கரையேறிய பின் ட்ரம்மின் உட்பக்கத்தையும் கலிப்பரையும் முன்தலையையும் நன்னீரால் கழுவுங்கள். கரையோரத்துக் கிணறுகளில் பல உவர்ப்பாக இருப்பதால், அந்தத் தண்ணீரால் கழுவியதை வீட்டுக்கு வந்து ஒருமுறை நல்ல தண்ணீரால் அலசுவது அவசியம். இரணைமடு, முத்தையன்கட்டு போன்ற குளங்களில் இறக்கினால் உப்பு இல்லை, ஆனால் சேறு ட்ரம்முக்குள் தங்கும். அதற்கும் கழுவல் வேண்டும்.

வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் ட்ரெயிலரை நிறுத்திவைப்பதானால், சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். உருளாமலிருக்க அவசரக் கேபிளை இழுத்துவிடும் பழக்கம் வேண்டாம். அப்படிப் பிடித்தபடி நின்றால் ஷூ ட்ரம்மோடு கறளில் ஒட்டிக்கொள்ளும். தொட்டியில் ஒயிலை மட்டத்துக்கு நிரப்பி மூடியை இறுக்கி, சறுக்கும் பகுதிக்குக் கிறீஸ் பூசி, முன்தலையை மழை படாமல் மூடுங்கள். மாதத்துக்கொரு தடவை கட்டையை எடுத்து ட்ரெயிலரை ஒரு சில்லுச் சுற்றளவு முன்னும் பின்னும் உருட்டி, நெம்புகோலை ஒரு தரம் இழுத்து விடுங்கள்.